மூன்றாம் கியரைப் பிடித்த கை

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் மாலை பஸ்ஸில், நீ இப்போது தங்கியிருக்கும் இறக்கக்கண்டி வீட்டுக்குத் திரும்புகிறார். சாப்பிடுவதற்கு முன்னமே படித்துவிடு. சாப்பிட்ட பிறகென்றால் பாயை விரித்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிடுவாய். எனக்கு அந்த நாளை இல்லை. இன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலை நீ கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படுகிறாய். வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்கிறாய், நீட்டிக்கலாம் என்றும் சொன்னாய். பெற்ற தாய் நான் எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை அதற்குள் சொல்லியாகவேண்டும். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நான் எவ்வளவு படிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். படித்த வசனங்களெல்லாம் முன்னால் வந்து நின்று வழிவிட மாட்டேன் என்கின்றன. அதனால் அழகு பார்க்காமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் பெட்டியை எடுக்க வந்தபோது அப்பா முற்றத்தில் காருக்குக் கீழே படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. நீ அந்தக் கால்களைச் சுற்றிக்கொண்டு குசினிக்குள் வந்தாய்.

"என்னவாம் செய்யிறார்?"

"கியர் பெட்டியைக் கழற்றுறார். உன்னை எயார்போட்டுக்குத் தானே கொண்டுபோய் விடவேணுமாம்."

"நான் பஸ்ஸில போறன் எண்டு சொல்லுங்கோ. ஒரு கையைக் குடுத்தாச்சு. மற்றக் கையையும் அந்தக் காருக்குக் குடுக்க ஏலாது எண்டும் சொல்லுங்கோ."

நான் சொல்லத் தேவைப்படவில்லை. காருக்குக் கீழே ஸ்பனர் சாவியின் சத்தம் நின்றுவிட்டது. நீ பெட்டியோடு வாசல் படலையைத் தாண்டிப் போய்க் கனநேரம் வரையில் அது மீண்டும் கேட்கவில்லை. பிறகு, "இஞ்சாரும், அந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை ஒருக்காத் தாரும்" என்றார். குரல் வழக்கம்போலவே இருந்தது. அந்த வழக்கமான குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ பிறக்க முன்னமே அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன வருஷம், கப்பலேறும் அவசரத்தில் விற்ற ஒரு அதிகாரியிடம் அப்பா வாங்கியது. அதனால்தான் அதற்குக் கொமாண்டர் என்று பெயர். பதினேழு வயதில் கல்யாணமாகி அந்தக் காரில்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். பதினெட்டில் உன்னைப் பெற்றேன். இப்போது எனக்கு முப்பத்தெட்டு. பஸ்ஸில் என்னை உன் அக்கா என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ வெட்கப்பட்டு வேறு சீட்டுக்குப் போய்விடுவாய். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனிச் சொல்லப்போவது ஒரு இருபது வயதுப் பெண்ணின் முட்டாள்தனத்தில்தான் தொடங்குகிறது.

நீ என் மடியில் இருந்த காலம். கந்தளாய்க்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். குளக்கட்டிலிருந்து தெரு இறங்கும் இடத்தில் அப்பா வேகத்தைக் குறைக்க அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். மூன்றாம் கியரில் கிடந்த கியர்க் கம்பி தானாகத் துள்ளிப் பின்னுக்கு வந்து நடுவில் நின்றது. இழுவை விட்டுப்போன கார் சத்தமில்லாமல் உருளத் தொடங்கியது.

"என்ன இது, கோபமே?" என்று கேட்டேன்.

"கொமாண்டருக்கு வயசு போகுது. ஆராவது பிடிச்சுக்கொண்டு வந்தால் பேசாமல் வருவார். ஒருக்காப் பிடியும், பாப்பம்."

பிடித்தேன். கம்பியின் நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது. அவருடைய கை ஒரு தரம் என் கைக்கு மேல் வந்து, நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனது. வீடு வரும்வரை நான் விடவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இந்த மனிதனுக்கு நான் தேவைப்படுகிறேன் என்று முதன்முதலாக அன்றுதான் எனக்குப் பட்டது. அப்படித்தான் அது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. துறைமுகத்துக்கும் பட்டினத்துக்குமாகத் தனியே வாடகைக்கு ஹயர் ஓடும்போது, அப்பா ஒரு சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிக் கம்பியை முன்பலகையின் இரும்போடு இழுத்துக் கட்டிவைப்பார். நான் ஏறினால் முதல் வேலையாக அந்தக் கட்டை அவிழ்த்துச் சீட்டுக்குக் கீழே எறிந்துவிட்டு என் கையை வைப்பேன். ரியூப் அசையாது, மறக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடம் என்னுடையது என்று நினைத்தேன். அவரும் அவிழ்க்க விட்டார். ஹயர் கார்கள் நிற்கும் இடத்தில் எங்களைக் கண்டால் மற்றச் சாரதிமார் சும்மா விடமாட்டார்கள்.

"அண்ணை, இண்டைக்குக் கிளீனரும் வந்திட்டா போல!"

"கிளீனர் இல்லையடா, மூண்டாம் கியருக்குக் காவல். கையில புத்தகத்தைப் பார், பரீட்சையும் எடுக்கிறா!"

அவர்கள் பகிடி பண்ணியது அந்தப் புத்தகத்தைத்தான். நான் காரில் படிப்பேன். வலது கை கம்பியில், இடது கையில் புத்தகம். பெருவிரலாலேயே பக்கத்தைத் தள்ளிப் புரட்டப் பழகியிருந்தேன். கம்பி துள்ள முன் மெல்ல நடுங்கும். வாசிப்பை விடாமலே கையை இறுக்கிவிடுவேன். அது எனக்கொரு பெருமை. பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அப்பா அப்போதே சொன்னார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போயிற்று. பிறகு இறக்குமதி நின்றது. அந்தக் காருக்கு ஒரு வாஷர் கூடக் கொழும்பில் எடுக்க ஏலாத காலம் வந்தது. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திறக்கக் கூடியதாக இருந்த பத்து வருஷமும், "நான் பிடிக்கிறன்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை இனி எழுதவேண்டும். உவர்மலையில் பெரியம்மா வீட்டிலிருந்து காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ பின்சீட்டில் இடது ஜன்னலோரம், கையை வெளியே தொங்கவிட்டபடி உள்துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தாய். கையை உள்ளே எடுக்கச் சொல்லும்படி அப்பா என்னிடம் சொன்னார். "காத்துப் படட்டும், விடுங்கோ" என்றேன். பிறேக் பலவீனம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த இறக்கத்தை மூன்றாம் கியரில், எஞ்சினின் இழுவையிலேயே இறங்குவார். என் கையை நம்பித்தான் இறங்கினார்.

அன்று என் கையில் இருந்தது நூலகத்தில் எடுத்த புத்தகம். எனக்கு முன் படித்த யாரோ சீனிப்பாகு ஒட்டிய விரலோடு படித்திருக்கவேண்டும். இரண்டு பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. பெருவிரலால் தள்ளிப் பார்த்தேன், பிரியவில்லை. கிழிந்துவிடுமோ என்று பயந்தேன். வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து அந்த ஒட்டைப் பிரித்தேன்.

அவ்வளவுதான், தம்பி. ஒரு பக்கம் பிரியும் நேரம். கம்பி துள்ளியது. கார் பாரம் விட்டதுபோலப் பாய்ந்தது. அப்பா பிறேக்கை மிதித்தார், அது பாதிதான் பிடித்தது. வளைவில் தயிர்ச்சட்டிகளைக் காவிக்கொண்டு இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அவர்களைத் தவிர்க்க அப்பா இடதுபக்கம் மதகுச் சுவரோடு காரை உரசி நிறுத்தினார். அந்தப் பக்கம்தான் உன் கை இருந்தது. மிச்சம் உனக்குத் தெரியும், என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நான் அழுதேன். பொலிஸ்காரர் வந்து கேட்டார். அப்பா எழுந்து போய், கியர் வழுகியது, கவனிக்காதது தன் பிழை என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? நான்தானே கையை எடுத்தனான்."

"பேசாமல் இரும். பெடியன் தகப்பனைக் கோவிச்சால் கொஞ்ச நாளில மாறும். தாயைக் கோவிச்சால் அவன் எங்க போவான்? சாப்பாடு கேக்கிறதெண்டாலும் உம்மட்டத்தானே வாறவன்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு, அதை எழுத ஏலாமல்தான் இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்தேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் மாறும் என்றார். அது மாறவில்லை. பதினாறு வயதில் துறைமுகப் பயிற்சிக்கு எழுதிப் பாஸ் பண்ணிப் போய், வைத்தியச் சோதனையில் நிமிராத முழங்கையைக் கண்டு திருப்பி அனுப்பப்பட்டு வந்தாயே, அன்று கூடத்தில் நின்று அப்பாவைப் பார்த்து, "உங்கட காருக்குத்தான் என்ர கையும் போனது, வேலையும் போனது" என்றாய். நான் அடுத்த அறையில் மாவை அரித்துக்கொண்டு நின்றேன். அரிதட்டு என் கையில் ஆடிக்கொண்டே இருந்தது, மா எப்போதோ முடிந்துவிட்டது. நான் வெளியே வரவில்லை. அதன் பிறகு நீ அவரோடு கதைத்ததில்லை. நாலு வருஷம். "அவரிட்டச் சொல்லுங்கோ" என்று நீ சொல்வாய், "அவனிட்டச் சொல்லும்" என்று அவர் சொல்வார். இருவருக்கும் நடுவில் நின்று கதையைக் காவிக்கொண்டிருந்தவள்தான் அந்தக் கதையையே வாயில் வைத்து மூடியிருந்தவள்.

எனக்குக் கண் பழுது, அதனால் புத்தகத்தை விட்டுவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கண்ணுக்கு ஒன்றுமில்லை. நீ இல்லாத நேரம் படிப்பேன். உன் முன்னால் புத்தகத்தைத் தொட எனக்குத் துணிவில்லை. அந்த நூலகப் புத்தகத்தையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே கிடக்கிறது. ஒட்டிக் கிடந்த அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று பிறகு ஒருநாள் பார்த்தேன். மழை பெய்வதைப் பற்றி எழுதியிருந்தது. கதைக்கு அது தேவையே இல்லை.

உனக்கு வேலைக் கடிதம் வந்த அன்று அப்பா மூடிக் கிடந்த படங்கை இழுத்துக் காரை வெளியே எடுத்தார். ஹயர் ஓடுவதை விட்டு எட்டு வருஷம் ஐஸ் ஆலையில் மெஷின் பார்த்தவர், அந்தக் காரைத் திரும்பியும் பார்க்காதவர். முதலில் பிறேக்கைப் புதிதாகச் செய்தார். பிறகு கியர் பெட்டியின் மூடியைத் திறந்து, கம்பியை அதன் இடத்தில் நிறுத்தும் சின்ன உருண்டையையும் ஸ்பிறிங்கையும் மாற்றினார். இறக்கத்தில் ஓடிப் பார்த்தார், துள்ளியது. பெட்டியைத் தாங்கும் றப்பர்களை மாற்றினார். அப்போதும் துள்ளியது. அதன் பிறகுதான், நீ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பெட்டியையே இறக்கினார். திங்கட்கிழமை அதைச் சாக்கில் சுற்றி ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய், துறையில் பாதைப் படகு மிதந்து வரும்வரை காத்திருந்து ஏறி, அக்கரையில் குறிஞ்சாக்கேணிக்குப் போனோம். அங்கே கார் திருத்தும் ஒரு நானா இருக்கிறார். அவருடைய கொட்டிலில் இதே மாதிரிக் கார் ஒன்று சில்லுகள் இல்லாமல் கிடக்கிறது. அதற்குள் கோழிகள் அடைகாக்கின்றன.

"வாங்க தம்பி, வாங்க தங்கச்சி. இதத் தூக்கிக்கிட்டு பாதையிலயா வந்தீங்க? கல்யாணத்துக்கு ஆட்டிறைச்சி கொண்டு போறீங்க எண்டு நினைச்சிருப்பானுகள்."

சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவிப் பலகையில் அடுக்கினார். பிறகு சிரிப்பு நின்றது. மூன்றாம் கியரின் பற்சில்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க, பல்லெல்லாம் மொட்டை. கூரா இருந்தாத்தான் ஒண்ட ஒண்டு பிடிக்கும். இது வழுக்கத்தான் செய்யும். சரி, இது ஓடி ஓடித் தேஞ்சது. ஆனா இந்தக் கவையப் பாருங்க." சில்லைத் தள்ளிக் கியரில் போடும், இரண்டு விரல் நீட்டியதுபோன்ற ஒரு துண்டு அது. "இது வயசுக்குத் தேஞ்சதில்ல. கம்பியக் கையால அமத்திப் பிடிச்சே ஓடியிருக்கீங்க. அமத்த அமத்தக் கவை சில்லோட உரசும். ஒரு பக்கம் கடதாசி மாதிரி ஆயிட்டு. வழுக்குறத நிப்பாட்டப் பிடிச்சீங்க, பிடிச்சுப் பிடிச்சே கூட வழுக்க வச்சிட்டீங்க. ஆரு இவ்வளவு காலமும் பிடிச்சது?"

"நான்தான்," என்றார் உன் அப்பா. யோசிக்கவே இல்லை. "இடது கையால பிடிச்சுக்கொண்டுதான் ஓடினனான்."

நானா முன்பின் பழகாத ஒரு மனிதர். எந்தப் பொலிசும் அங்கே இல்லை, நீயும் இல்லை. சும்மா கேட்ட ஒரு கேள்விக்கும் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். எட்டு வருஷத்தில் அவர் கை அதற்குப் பழகிப்போயிருந்தது.

"இல்லை நானா. நான் பிடிச்சனான்."

வெளியே ஒருவர் கேட்க அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமாத்தான் இதக் கெடுத்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, கோழிகளை விரட்டி அந்தப் பழைய காரின் பெட்டியைத் திறக்கப் போனார்.

அந்தக் காரின் பற்சில்லும் கவையும் போட்ட பெட்டியோடு திரும்பி வரும்போது பாதையில் வைத்து, உனக்குச் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"வேண்டாம். இன்னும் அஞ்சு நாள். பெடியன் நிம்மதியாப் போகட்டும்."

"அவன் நிம்மதியாவே இருக்கிறான்?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க தனிய இருந்து யோசிப்பான். தாயும் இல்லையெண்டு வந்தால் அவனுக்கு ஆர் இருக்கினம்?"

"நீங்கள் இருப்பியள்."

அவர் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். அது கிறீஸ் துடைத்த லேஞ்சி. கன்னம் முழுக்கக் கறுப்பாயிற்று. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை, அத்தனை பேர் முன் துடைத்துவிடவும் கூச்சமாக இருந்தது. அந்தக் கறுப்பை மறுபடி அவர் கையாலேயே துடைக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதி இழந்தவள். என்றாலும் தாய் என்பதால் ஒன்றிரண்டு வார்த்தை. நீ போகிற இடத்தில் ஏதாவது ஒன்று முதல் தடவை வழுகும்போதே அதைத் திறந்து பார். கூட வேலை செய்கிறவனோடு மனவருத்தமாக இருக்கலாம், உடம்பில் ஒரு நோவாக இருக்கலாம், எங்களுக்கு எழுத மறந்த ஒரு கடிதமாகவும் இருக்கலாம். சமாளிக்கலாம் என்று பிடித்துக்கொண்டிராதே. பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதுதான் ஆபத்து. உன் பிழையை வேறொருவர் அன்போடு தூக்க வந்தால் கொடுக்காதே. கொடுத்தவளின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்ட ஏலாது, நீ என் முகத்தைப் பார்த்திருக்கிறாய். அது கண் பழுது என்று நினைத்திருக்கிறாய்.

நேற்று முழுநாளும் அப்பா கியர் பெட்டியைப் பொருத்தினார். இன்று காலை ஓடிப் பார்க்க என்னையும் கூப்பிட்டார். உவர்மலைக்கு ஏறி அதே தெருவால் இறங்கினோம். அந்த மதகு வருவதற்கு முன் மூன்றாம் கியரில் போட்டு, அக்சிலேற்றரிலிருந்து காலை முழுதாக எடுத்தார். எஞ்சின் முனகிக் காரைப் பின்னுக்கு இழுத்தது. கம்பி அசையவில்லை. என் கைதான் அசைந்தது; என்னைக் கேளாமலே அது கம்பியை நோக்கிப் போயிற்று. "கையை எடும், தேவையில்லை" என்றார். மதகைக் கடந்தோம். சுவரில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. கீழே இறங்கிக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். "ஏறுவானோ?" என்று கேட்டார். என்னையா, காரையா கேட்டார் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நாங்கள் நிற்போம். உன் பஸ் ஆறு மணிக்குத்தான் வரும், அரை மணி நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் எழுதியது அவருக்குத் தெரியாது. பஸ்ஸில்தான் போவேன் என்றால் போ. அந்தக் கோபம் உனக்கு உரியது, குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். ஆனால் போகிறதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாதே. தெரியாமல் சொன்னது இதுவரை போதும், தம்பி. இனித் தெரிந்துகொண்டு அவரை நோகடித்தாயென்றால் அதை என்னால் தாங்க ஏலாது.

ஏறுவதென்றால் முன்சீட்டில் இரு. கம்பியை யாரும் பிடிக்கத் தேவையில்லை. அப்பாவோடு ஏதாவது கதை, வெயிலைப் பற்றியாவது கதை. நான் பின்சீட்டில், அன்று நீ இருந்த அந்த இடது ஜன்னலோரத்தில் இருப்பேன்.

அம்மா